ஏடிசிசி 1015: அமிலம் சுரக்கும் கருப்புப் பூஞ்சை, மரபணு வேலைக்கு வாங்கலாமா?

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கிற வெள்ளைப் பொடிக்கும் எலுமிச்சைக்கும் இன்று சம்பந்தம் இல்லை. பழைய வெங்காயத் தோலில் கரித்தூள் மாதிரி படிந்திருக்குமே, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சைதான் உலகத்துக்கு வேண்டிய சிட்ரிக் அமிலத்தில் மிகப் பெரும்பகுதியைச் செய்து கொடுக்கிறது. சர்க்கரைக் கரைசலில் அமிலம் சேர்த்து நன்றாகப் புளிப்பாக்கித் தொடங்கினால் இது சிட்ரிக் அமிலத்தைக் கொட்டும் என்று அமெரிக்க வேதியியலாளர் ஜேம்ஸ் கரி 1917-ல் எழுதினார். 1919-ல் ஃபைசர் நிறுவனம் புரூக்ளினில் தயாரிப்பைத் தொடங்கியது. அந்த ஆய்வு வழியில் வந்த பூஞ்சைதான் அமெரிக்க நுண்ணுயிர்ச் சேகரமான ஏடிசிசியின் பட்டியலில் 1015 என்ற எண்ணில் இருக்கிறது. கரிம அமிலத் தயாரிப்பை எளிதாக்கும் மரபணு மாற்றங்களுக்கு இதை அடித்தளமாக வாங்கலாமா என்பதுதான் இந்த மதிப்புரையின் கேள்வி.

வாங்கலாம். பூஞ்சைகளில் இவ்வளவு அலசப்பட்ட அமிலக்காரன் வேறு இல்லை. ஆனால் மாங்கனீசைக் கட்டுப்படுத்த வழி இல்லாத ஆய்வகம் இதை வாங்கினால், நல்ல ஸ்ட்ரெயினை, அதாவது நல்ல பூஞ்சை வரிசையை, கையில் வைத்துக்கொண்டே அமிலம் வரவில்லை என்று புலம்பும். அந்தக் காரணத்தைக் கீழே விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் குப்பியைத் திறப்பது. உறைய வைத்து உலர்த்திய நிலையில் வந்தால் அதில் 0.5 முதல் 1 மில்லி கிருமி நீக்கிய தண்ணீர் விட்டுக் கரைத்து, 5 மில்லி தண்ணீர் உள்ள குழாய்க்கு மாற்றி, அறை வெப்பத்தில் குறைந்தது 2 மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். இரவு முழுக்க விட்டால் இன்னும் நல்லது. இந்த ஊறல் நேரத்தைச் சுருக்கி நேராக அகாரில் (தட்டில் உறைந்த வளர்ப்புக் கூழில்) தடவுகிறவர்கள்தான் குப்பி செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரில் 30 டிகிரியில் இரண்டாம் நாள் வெள்ளைப் பஞ்சு தெரியும், ஐந்து முதல் ஏழு நாளில் தட்டு முழுக்கக் கன்னங்கரேலென்று ஆகிவிடும். அந்தக் கருப்புத் தூள்தான் ஸ்போர், பூஞ்சையின் வித்து. 0.05 சதவீத ட்வீன் 80 (சோப்பு போன்ற பொருள்) கலந்த தண்ணீரை ஊற்றி ஸ்போரை மெதுவாகச் சுரண்டி, வடிகட்டி, எண்ணி, 20 சதவீத கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் உடனே சேமிக்க வேண்டும். முதல் வாரத்திலேயே இருபது குப்பியாவது கட்டி வையுங்கள். தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே போகும் நைஜர் கொஞ்சம் கொஞ்சமாகக் குணம் மாறும். ஆறு மாதம் கழித்து வந்த விளைச்சல் வீழ்ச்சிக்கு மரபணு மாற்றம் காரணமா, பழசாகிப்போன தாய்த்தட்டு காரணமா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஸ்போர் வேலையை உயிர்ப் பாதுகாப்புக் கேபினெட்டில் செய்ய வேண்டும். வேலை செய்பவரின் முகத்தை நோக்கிக் காற்று வீசும் லேமினார் ஃப்ளோவில் இதைத் திறந்தால் கருப்புத் தூள் மூக்குக்குள் போகும், பக்கத்து மேசையில் பாக்டீரியா வளர்ப்பவரின் தட்டுக்கும் போகும். முதல் நிலைப் பாதுகாப்பு போதும் என்று வகைப்படுத்தப்பட்ட பூஞ்சைதான். ஆனாலும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்தத் தூள் ஆகாது.

இனி மாங்கனீசு. வழக்கமான சிட்ரிக் மீடியத்தில் (வளர்ப்புக் கரைசலில்) லிட்டருக்குக் குளுக்கோஸ் 140 கிராம், அம்மோனியம் சல்பேட் 3.1 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.15 கிராம், சோடியம் குளோரைடு 0.15 கிராம், மெக்னீசியம் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 2.2 கிராம், துத்தநாக சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 6.6 மில்லிகிராம், ஃபெரிக் குளோரைடு 0.1 மில்லிகிராம். கந்தக அமிலத்தால் பிஎச் 2.0-க்கு இறக்க வேண்டும். இதில் மாங்கனீசு எங்கேயும் இல்லை என்று தோன்றும், ஆனால் எல்லாவற்றிலும் இருக்கிறது. அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகத்தார் இதே குடும்பத்து ஏடிசிசி 11414-ஐ வைத்து 2004-ல் காட்டியது இது: லிட்டருக்கு 12 மைக்ரோகிராமுக்குள் மாங்கனீசு இருந்தால் பூஞ்சை உருண்டை உருண்டையாகத் திரளும், 14-ஐத் தொட்டால் நீள நீள இழையாக விரியும், சிட்ரிக் அமிலமும் சட்டென்று விழும். இரண்டே மைக்ரோகிராம் இடைவெளி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ குளுக்கோஸில் 0.1 மில்லிகிராம் மாங்கனீசு இருந்தாலே, 140 கிராம் போட்ட ஒரு லிட்டரில் 14 மைக்ரோகிராம் சேர்ந்துவிடுகிறது. வேறெதுவும் சேராமலே எல்லை போய்விட்டது. மெக்னீசியம் சல்பேட்டில் 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு) மாங்கனீசுக் கலப்பு இருந்தால் அதிலிருந்து மட்டும் 11 மைக்ரோகிராம். இதனால்தான் குளுக்கோஸ் கரைசலை, உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஹைட்ரஜன் வடிவ கேட்டயான் ரெசின் வழியாக இறக்கச் சொல்கிறார்கள். ரெசினில் குளுக்கோஸை மட்டும்தான் இறக்க வேண்டும், உப்புகளைச் சேர்ப்பதற்கு முன்பு. எல்லாவற்றையும் கரைத்துவிட்டு மொத்தமாக இறக்கினால் மெக்னீசியம், அம்மோனியம், துத்தநாகம் எல்லாமே ரெசினில் தங்கிவிடும். பூஞ்சை பட்டினி கிடக்கும், விளைச்சல் சுழியமாகும், அந்தப் பழியும் ஸ்ட்ரெயின் மேல் விழும். மெக்னீசியம் உப்பை ரெசினால் சுத்தம் செய்ய வழியில்லாததால் அதை மட்டும் உயர் தூய்மைத் தரத்தில் வாங்கிவிடுவது நல்லது. செலவு இங்கே செய்யத்தான் வேண்டும்.

பாத்திரமும் எதிரிதான். கண்ணாடி ஃபிளாஸ்க்கை நீர்த்த அமிலத்தில் ஊறப்போட்டுக் கழுவி, சிலிக்கோன் பூசிக்கொள்ளலாம், அல்லது பாலிகார்பனேட் ஃபிளாஸ்க்குக்கு மாறிவிடலாம். 316 ரக எவர்சில்வர் தொட்டியில் மாங்கனீசு 2 சதவீதம் வரை இருக்க இடமுண்டு. பிஎச் 2-ல் அது கசியும். ஸ்போரும் அகாரிலிருந்து மாங்கனீசைச் சுமந்து வருகிறது, அதனால் தூய நீரில் மூன்று முறை கழுவிப் போடுங்கள். ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், பெப்டோன் எதுவும் கூடாது. குளுக்கோஸை பிஎச் 2-ல் ஆட்டோகிளேவில் வைத்தால் பழுப்பேறிக் கெட்டுவிடும். சர்க்கரையைத் தனியாகக் கிருமி நீக்கிக் கலக்க வேண்டும், அல்லது மொத்தத்தையும் 0.2 மைக்ரான் வடிகட்டியில் இறக்க வேண்டும்.

சரியாகப் போகிறதா என்பதை மூன்றாம் நாள் ஃபிளாஸ்க்கைக் கையில் எடுத்துச் சுழற்றினாலே தெரிந்துகொள்ளலாம். நல்ல ஃபிளாஸ்க்கில் ரவை மாதிரி வெளிர்மஞ்சள் உருண்டைகள் தனித்தனியாக ஓடும், கரைசல் தெளிவாக இருக்கும், நிறுத்தினால் அடியில் இறங்கும். ஓர் உருண்டை அரை மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். நுண்ணோக்கியில் இழைகள் குட்டையாக, நெருக்கமாகக் கிளைத்து, நுனி வீங்கிக் குமிழ் கட்டியிருக்கும். கெட்ட ஃபிளாஸ்க் கேப்பைக் கூழ் மாதிரி இருக்கும், சுழற்றினால் மொத்தமாக ஆடும், கண்ணாடியின் விளிம்பில் வளையமாக ஒட்டிக்கொண்டிருக்கும். கூழாகிவிட்டால் ஆக்ஸிஜன் உள்ளே போகாது. அந்தத் தொகுப்பைத் தொடர்வதில் பயனில்லை. ஸ்போர் அளவும் உருண்டையின் பருமனைத் தீர்மானிக்கிறது. மில்லிக்குப் பத்து லட்சம் ஸ்போரில் தொடங்குங்கள். அதைவிட மிகக் குறைத்தால் உருண்டை பெருத்து நடுவில் மூச்சு முட்டும்.

இன்னொரு பலவீனம் காற்று. அமிலம் சுரந்துகொண்டிருக்கும்போது சிறிது நேரம் காற்று நின்றுபோனாலே சுரப்பு விழுந்துவிடும், காற்றை மறுபடி விட்டாலும் பழைய நிலைக்கு வராது. பூஞ்சை வழக்கம்போல வளர்ந்துகொண்டிருப்பதால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. இதன் மாற்று சுவாசப் பாதை ஆக்ஸிஜன் குறைவைத் தாங்குவதில்லை. மின்வெட்டு உள்ள இடத்தில் ஷேக்கருக்கு யுபிஎஸ் இல்லாமல் ஐந்து நாள் ஓட்டத்தைத் தொடங்க வேண்டாம்.

இவ்வளவு கோபக்காரப் பூஞ்சையை ஏன் பரிந்துரைக்க வேண்டும்? இதன் கோபங்களைத்தான் மரபணு வேலையால் ஒவ்வொன்றாகத் தணிக்க முடிகிறது. அதற்கு வேண்டிய கருவியெல்லாம் தயாராக இருக்கிறது. 1015-இன் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 3.5 கோடி எழுத்து, வரிசைப்படுத்தப்பட்டுப் பொதுவில் கிடைக்கிறது. நொதித் தயாரிப்புக்கு வளர்க்கப்பட்ட சிபிஎஸ் 513.88-உடன் 2011-ல் இதை ஒப்பிட்டபோது குணவேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. நொதிக்காரனில் புரதத்தைக் கட்டி வெளியே அனுப்பும் மரபணுக்கள் மும்முரம், 1015-இல் மாற்று சுவாசப் பாதை மும்முரம். இரண்டும் நைஜர்தானே என்று கையில் கிடைத்ததை எடுத்து அமிலம் செய்யப் போகாதீர்கள். ஓக்ராடாக்ஸின் நஞ்சைச் செய்யும் மரபணுக் கொத்து சிபிஎஸ் 513.88-இல் உண்டு, 1015-இல் இல்லை. உணவு அமிலத்துக்கு இது பெரிய ஆறுதல். ஃபியுமோனிசின் என்ற இன்னொரு நஞ்சின் கொத்து 1015-இலும் இருப்பதால் அந்தச் சோதனையை மட்டும் விட்டுவிட முடியாது.

மாற்றம் செய்வதற்கு, செல்சுவரை நீக்கிய செல்லுக்குள் டிஎன்ஏவைச் செலுத்தும் புரோட்டோபிளாஸ்ட் முறைதான் இன்றும் நம்பகமானது. 12 முதல் 16 மணி நேரம் வளர்ந்த இளம் மைசீலியம் (பூஞ்சை இழைக் கூட்டம்) வேண்டும். 20 மணி தாண்டினால் செல்சுவர் தடித்து நொதிக்கு மசியாது. வடிகட்டிக் கழுவி, 1.2 மோலார் சார்பிட்டால் போன்ற செறிவான கரைசலில், பிஎச் 5.8 அளவில், டிரைக்கோடெர்மாவிலிருந்து எடுத்த லைசிங் நொதியை மில்லிக்கு 20 முதல் 40 மில்லிகிராம் போட்டு, மெதுவான சுழற்சியில் 2 முதல் 3 மணி நேரம். அரை மணிக்கு ஒரு முறை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். உருண்டைச் செல்கள் நிறையத் தெரிந்ததும் நிறுத்துங்கள், கூடுதல் நேரம் விட்டால் அவையும் வெடிக்கும். இந்த நொதிப் பொடி தொகுப்புக்குத் தொகுப்பு வீரியம் மாறும் பொருள். புது டப்பா வந்தால் நேரத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். கழுவிய புரோட்டோபிளாஸ்ட்டை சார்பிட்டால், டிரிஸ், 50 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு கலவையில் எடுத்து, 100 மைக்ரோலிட்டருக்கு ஒரு கோடி என்ற கணக்கில் 5 முதல் 10 மைக்ரோகிராம் டிஎன்ஏவோடு கலந்து, டிஎன்ஏ உள்ளே நுழைய உதவும் பிஇஜி 4000 சேர்த்து, சார்பிட்டால் உள்ள மேலகாரில் (தட்டின் மேலே ஊற்றும் உருகிய அகாரில்) கலந்து ஊற்ற வேண்டும். மேலகார் 48 டிகிரிக்கு மேல் இருந்தால் எல்லாம் வெந்துவிடும். காலனியே வராத தட்டுகளுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

முதல் வெட்டை எஃப்டபிள்யூஎன்ஏ என்ற நிற மரபணுவில் போட்டுப் பழகுவது நல்லது. அது அறுந்தால் ஸ்போரின் கருநிறம் போய்விடும். கருப்புக் காலனிகளுக்கு நடுவே வெளிறிய காலனி ஒன்று நின்றால், மரபணுவை வெட்டும் கருவியான கிரிஸ்பர் வேலை செய்கிறது என்று பிசிஆர் என்ற டிஎன்ஏ சோதனை இல்லாமலே தெரியும். பாதி கருப்பு, பாதி வெளிறிய காலனியும் வரும். ஒரு புரோட்டோபிளாஸ்ட்டில் பல உட்கரு இருப்பதால், சிலவற்றில் மட்டும் வெட்டு விழுந்திருக்கிறது என்று பொருள். அதனால்தான் எந்த மாற்றத்தையும் இரண்டு மூன்று முறை தனி ஸ்போராகப் பிரித்த பிறகே நம்ப வேண்டும். இதை அலுப்பு என்று தாண்டிப் போனவர்களின் ஸ்ட்ரெயின்தான் நான்காவது தலைமுறையில் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

1015-இன் இயல்பான குறை, கொடுத்த டிஎன்ஏவைச் சரியான இடத்தில் வைக்காமல் கண்ட இடத்தில் செருகிக்கொள்வது. கேயுஎஸ்ஏ மரபணுவை நீக்கினால் இது தீர்கிறது. இன்னொரு நைஜர் வரிசையான என்402-இல் 2007-ல் காட்டியபடி, சரியான இடத்தில் சேர்வது சுமார் 7 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு மேல் ஏறுகிறது. யுரிடின் செய்ய வேண்டிய பைர்ஜி மரபணுவை நீக்கிய வடிவமும் கையில் இருந்தால், அந்த மரபணுவையே அடையாளமாகத் திருப்பிக் கொடுத்து, யுரிடின் இல்லாத மீடியத்திலேயே தேர்வு செய்யலாம், பைர்ஜி உள்ளவற்றைக் கொல்லும் 5-எஃப்ஓஏ கொண்டு அடையாளத்தைக் கழற்றி மறுபடியும் பயன்படுத்தலாம். கிரிஸ்பர் நொதியை ஏஎம்ஏ1 பிளாஸ்மிடில் (குரோமோசோமில் சேராமல் தனியே நிற்கும் டிஎன்ஏ வளையத்தில்) வைத்தால், தேர்வு மருந்தை நிறுத்தியதும் பிளாஸ்மிட் உதிர்ந்துவிடும். உணவுப் பொருளுக்குப் போக நினைப்பவர்கள் இந்த வழியைத்தான் எடுக்க வேண்டும்.

எதை மாற்றினால் பலன்? சர்க்கரையை உடைக்கும் பாதையில் வேகத்தைக் கூட்டலாம் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். பாஸ்போபிரக்டோகைனேஸ், பைருவேட் கைனேஸ் இரண்டையும் அதிகமாக்கிப் பார்த்தார்கள், 1997-ல் வந்த முடிவில் சிட்ரிக் அமிலம் குறிப்பிடும்படி ஏறவில்லை. நெரிசல் வாசலில் இருந்தது. சிட்ரேட்டைச் செல்லுக்கு வெளியே தள்ளும் செக்ஸ்ஏ என்ற கடத்தி 2019-ல் அடையாளம் காணப்பட்டது. தூண்டக்கூடிய புரொமோட்டரில் (மரபணுவை இயக்கும் சுவிட்சில்) அதை வைத்து வலுவாக இயக்கியபோது 1015 லிட்டருக்கு 109 கிராம் சிட்ரிக் அமிலம் கொடுத்தது. மாற்றாத தாய் ஸ்ட்ரெயினைவிட ஐந்து மடங்குக்கு மேல். 140 கிராம் குளுக்கோஸிலிருந்து ஏட்டுக் கணக்கில் கிடைக்கக்கூடிய உச்சமே 149 கிராம்தான் என்பதை நினைத்தால் இந்த ஒரு மரபணுவின் மதிப்பு புரியும். இந்த ஸ்ட்ரெயினை வாங்குகிற எவரும் முதல் வேலையாகச் செய்ய வேண்டியது இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

இரண்டாவது, பிஎச் தொல்லை. பிஎச் 3-க்கு மேலே ஏறினால் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் விழித்துக்கொண்டு சர்க்கரையை குளுக்கோனிக் அமிலமாக்குகிறது, இன்னும் ஏறினால் ஆக்சாலிக் அமிலம். ஆக்சலேட்டும் குளுக்கோனேட்டும் செய்ய முடியாத நைஜர் திரிபு ஒன்று, பிஎச் 5-லும், மாங்கனீசு இருக்கும்போதும் சிட்ரிக் அமிலம் செய்ததாக 1999-ல் நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மேலே பல பத்திகளில் சொன்ன ரெசின், அமிலக் கழுவல், தூய உப்பு எல்லாவற்றையும் தளர்த்தக்கூடிய வழி இது. 1015-இல் ஆக்சலேட்டுக்கான ஓஏஎச்ஏ, குளுக்கோஸ் ஆக்ஸிடேஸுக்கான ஜிஓஎக்ஸ்சி ஆகிய இரண்டு மரபணுக்களையும் நீக்குவது கிரிஸ்பரில் ஒரே சுற்று வேலை. மரவள்ளித் திப்பி மாதிரி உலோகக் கலப்புள்ள மலிவான மூலப்பொருளை நினைப்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். நைஜர் மாவுச்சத்தைத் தானே உடைத்துக்கொள்ளும் என்பது கூடுதல் வசதி.

மூன்றாவது, சிட்ரிக்கை விட்டு வேறு அமிலத்துக்குத் திருப்புவது. சீனாவின் டியான்ஜினில் ஓஏஎச்ஏ-வை நீக்கி, மாலிக் அமிலப் பாதையை வலுவாக்கி, செக்ஸ்ஏ வாசலையும் அடைத்தபோது லிட்டருக்கு 201 கிராம் மாலிக் அமிலம் வந்தது. சிட்ரிக்குக்கு அகலத் திறக்க வேண்டிய அதே வாசலை இங்கே மூட வேண்டியிருக்கிறது.

அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. சோடியம் ஹைட்ராக்சைடு டைட்ரேஷனை மட்டும் நம்பி விளைச்சல் எழுதாதீர்கள். அது குளுக்கோனிக், ஆக்சாலிக், அம்மோனியத்தை உறிஞ்சும்போது வெளியாகும் புரோட்டான் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும். கரைசலின் பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் கரிம அமிலத்துக்கான பிரிப்புக் குழாயை (column) போட்டு, 5 மில்லிமோலார் கந்தக அமிலம் நிமிடத்துக்கு 0.6 மில்லி ஓடவிட்டு, அமிலங்களைத் தனித்தனியாகப் பாருங்கள்.

இந்த ஸ்ட்ரெயின் தீர்க்காத ஒன்றும் உண்டு. சுண்ணாம்பு போட்டு கால்சியம் சிட்ரேட்டாக வீழ்த்தி, கந்தக அமிலத்தால் மீட்கும் பழைய முறையில், ஒரு டன் சிட்ரிக் அமிலத்துக்குக் கணக்குப்படி சுமார் 1.3 டன் ஜிப்சம் கழிவாகிறது. செல்லுக்குள் செய்யும் எந்த வெட்டும் இதைக் குறைக்காது. மீட்பு முறையை மாற்றினால்தான் உண்டு.

வேறு தேர்வுகள்: இட்டகானிக் அமிலம்தான் குறி என்றால் ஆஸ்பர்ஜில்லஸ் டெர்ரியஸ் அல்லது உஸ்டிலாகோ பக்கம் போங்கள். மாலிக்குக்கு, சோயா சாஸ் பூஞ்சையான ஒரைசேயில் நொதி நிறுவனமான நோவோசைம்ஸ் 2013-ல் லிட்டருக்கு 154 கிராம் காட்டியிருக்கிறது. ஆனால் அதன் ஸ்போரில் பல உட்கரு இருப்பதால் தனி ஸ்போர் பிரித்தலே பெரும்பாடு. மரபணு வேலை வேண்டாம், உடனே சிட்ரிக் வேண்டும் என்பவர்களுக்கு 11414 பொருத்தம்.

வாங்கும் முன் இரண்டு காகித வேலை. ஏடிசிசியின் பொருள் ஒப்பந்தப்படி ஸ்ட்ரெயினைப் பக்கத்து ஆய்வகத்துக்குப் பங்கு போட்டுக் கொடுக்க முடியாது, வணிகப் பயன்பாட்டுக்குத் தனி உரிமம் வேண்டும். இந்தியாவில் மரபணு மாற்றிய பூஞ்சைக்கு 1989-ம் ஆண்டு விதிகளின்படி நிறுவன உயிர்ப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் தேவை. 2022-ல் கிடைத்த மரபணுத் திருத்தத் தளர்வு செடிகளுக்கு மட்டும்தான், பூஞ்சைக்குப் பொருந்தாது. குழு கூடும் தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு குப்பிக்கு ஆர்டர் போடுங்கள். தாய் ஸ்ட்ரெயினில் மாங்கனீசுப் பழக்கம் செய்து முடிப்பதற்கும் ஒப்புதல் வருவதற்கும் பொழுது சரியாக இருக்கும்.